கலந்து போட்ட கதம்பல்

கூட்டுறவுப் பயிற்சி நிலையத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். நிலையத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். "அந்தக் காலத்துலயே ரெண்டு ஊர்ச் சங்கத்தைச் சேர்த்து யூனியன் நடத்துனீங்களாமே சார். அதைப் பத்தி எழுதிக் குடுங்க. படிக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கணும்" என்றாள். அவள் கையில் வழவழப்பான சிறு புத்தகம் ஒன்று இருந்தது. வட்டார ஒத்துழைப்பு, ஆதரவுச் சேவை, உள்ளூர்ப் பொருளாதாரம் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். பழைய கள்ளு, புதிய மொந்தை. நாங்களும் இதைத்தான் செய்தோம். பெயர்தான் இத்தனை நீளமாக இல்லை.

ஊக்கம் என்னிடம் இருப்பில் இல்லை, அம்மா. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

நான் நாஞ்சில்நாட்டுக்காரன். தோவாளைப் பக்கத்தில் நெல் விளையும் ஊர். எங்கள் வீட்டில் தேங்காய் சமையலுக்கு, மட்டை அடுப்புக்கு. அந்த மட்டையை நம்பி ஒரு கரையே பிழைக்கிறது என்பது உத்தியோகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். பயிற்சி திருவனந்தபுரத்தில். மலையாளத்தில் குறிப்பெடுத்து, தமிழில் மனப்பாடம் செய்து, இங்கிலீஷில் பரீட்சை எழுதினேன். அவ்வளவுதான் பயிற்சி. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகு என்னை விளவங்கோடு தாலுகாவின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் தேங்காய் மட்டையைக் கதம்பல் என்பார்கள். பச்சைக் கதம்பலைத் தண்ணீரில் மூழ்கடித்துப் பல மாதம் ஊறவிட வேண்டும். நன்றாக அழுகிய பிறகு எடுத்து, கல்லின்மேல் வைத்துக் கட்டையால் அடித்தால் சக்கையான சோறு கழன்று தும்பு, அதாவது நார், வரும். தும்பைத் திரித்தால் கயிறு. அடிப்பதும் திரிப்பதும் பெண்கள். ஊறல் நாற்றம் இருக்கிறதே, காற்றுத் திரும்பினால் வாயில் வைத்த உணவு இறங்காது. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். "நாஞ்சிநாட்டு சாருக்கு நாறுது கேட்டியளா" என்று பெண்கள் சிரித்தார்கள். பிறகு நாற்றம் என் சட்டையிலும் ஏறிவிட்டது. ஊருக்குப் போனால் என்னைக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரச் சொன்னார்கள்.

என் மேலதிகாரி அசிஸ்டன்ட் ரிஜிஸ்ட்ரார் குறுப்பு சார். மலையாளி. வெள்ளை ஜிப்பா, வேட்டி, மழையோ வெயிலோ கக்கத்தில் ஒரு குடை. சோற்றுப் பொதியைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். யார் வீட்டிலும் இளநீர்கூடக் குடிக்கமாட்டார். கூட்டத்தில் தனக்குப் போட்ட நாற்காலியில், கடைசிப் பெண் தரையில் உட்காரும்வரை உட்காரமாட்டார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும். என்ன திட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள நாம்தான் கிட்டே போய் நிற்க வேண்டும்.

"ஆதியம் வெள்ளம் நோக்கு சிவதாணு. பின்ன கடலாசு" என்பார். முதலில் தண்ணீரைப் பார், காகிதம் அப்புறம். வாய்ப்பேச்சு அல்ல. என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரையில் உள்ள குளம், தோடு என்கிற ஓடை, கடலோரத்துக் காயல் எல்லாம் இறங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கடல் ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை. கடல்நீர் வந்து வந்து போகும் இடத்தில் ஊறினால்தான் தும்பு பொன்னிறமாக வரும். குளத்து நல்ல தண்ணீரில் போட்டால் கறுத்துப்போகும், விலையும் போகாது. இலுப்பைவிளையில் கதம்பல் மலையாகக் குவிந்து கிடந்தது, ஆனால் உப்புத்தண்ணீர் இல்லை. மேற்கே காயல்துறையில் அருமையான உப்புக்காயல் இருந்தது, அங்கே தென்னை குறைவு. இரண்டுக்கும் நடுவே வள்ளம் போகக் கால்வாய் இருந்தது. இரண்டு ஊரிலும் கூலிக்கு அடிக்கிற பெண்கள் இருந்தார்கள். இலுப்பைவிளைப் பெண்கள் கதம்பலைப் பச்சையாகவே, தும்புக்களம் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு விற்றுவிட்டு, அதே கதம்பலை அவர் களத்தில் போய்க் கூலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஊரிலும் சங்கம் வைத்தோம். இரண்டையும் சேர்த்து ஒரு யூனியன். இலுப்பைவிளை கதம்பலும் வள்ளமும் தரும், காயல்துறை ஊறலிடமும் காவலும் தரும். தும்பை ஒன்றாக விற்பது என்று ஏற்பாடு. இலுப்பைவிளைச் சங்கத்துக்குப் பொன்னையன் என்பவர் தலைவர், கொஞ்சம் நிலமும் நிறைய ரோசமும் உள்ளவர். ஆனால் பெண்களைத் திரட்டியவள் செல்லபாய். முப்பது வயது இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போனவன், கடிதம்கூட இல்லை. "முதலாளிக்க களத்துல மேஸ்திரி பறயாம எந்திரிக்கப்பிடாது சாரே. முதுகு ஒடிஞ்சாலும் குனிஞ்சே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எனக்க இஷ்டத்துக்கு ஒருக்கா முதுகு நிமுத்தணும்" என்று என்னிடம் சொன்னாள். அத்தனை கூட்டுறவுச் சட்டத்திலும் நான் அப்படி ஒரு நோக்கத்தைப் படித்ததில்லை.

முதல் ஊறல் போடும் நாளில்தான் தகராறு வந்தது. அந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டுக் கதம்பலும் தனித்தனி வலையில் கட்டப்படும். வலையின் வாயில் அந்தந்த வீட்டு அடையாளம் இருக்கும். ஒருத்திக்குச் சிவப்புத் துணி, ஒருத்திக்கு இரட்டை முடிச்சு. காயலில் எத்தனை வலை கிடந்தாலும் அவரவர் பொருள் அவரவருக்குத் தெரியும். குறுப்பு சார் அது கூடாது என்றார். சின்ன வலைகள் ஒழுங்காக மூழ்காது. ஓரத்தில் கிடப்பது காயும், நடுவில் கிடப்பது அழுகும், தும்பு ஒரே தரமாக வராது. இரண்டு ஊர்க் கதம்பலையும் ஒரே பெரிய வலையில் கலந்து போட வேண்டும். கொடுத்த அளவுக்குத் தும்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார்.

பெண்கள் ஒருவரும் நகரவில்லை. செல்லபாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்க கதம்பலுக்கு எனக்க முடிச்சு. அவளுக்க கதம்பலுக்கு அவளுக்க முடிச்சு. கலந்து போட்டா, எடுக்கும்பம் எனக்கதை நான் எப்பிடி கண்டுபிடிக்கது?"

"கண்டுபிடிக்கண்டா செல்லபாயீ" என்றார் குறுப்பு சார். "நின்றெ, அவள்டென்னு முடிச்சு போட்டா அது பல மூட்டையாணு. சங்கமல்ல." கண்டுபிடிக்கவே வேண்டாம், உன்னது அவளது என்று முடிச்சுப் போட்டால் அது பல மூட்டைதான், சங்கம் ஆகாது என்றார்.

"அப்பம் வெள்ளத்துக்கடியில எல்லாரும் ஒரே பாயில கெடக்கணும்னு பறயுதிய."

"அதே."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வலையின் வாயிலிருந்த நீலத் துணியை அவிழ்த்துக் காயலில் எறிந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். காயல்துறைப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாங்கி வாங்கி அடுக்கினார்கள். மேலே ஓலை போட்டு, சேறு வாரி ஏற்ற ஏற்ற, அந்தப் பெரிய வட்டம் மெல்ல அமிழ்ந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அந்த முறைப்படி போட்டு எடுத்ததெல்லாம் நன்றாகவே வந்தது. இலுப்பைவிளையில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டோம். பெண்கள் அடிப்பார்கள், அலுத்தால் எழுந்து போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள், அரட்டை அடிப்பார்கள். செல்லபாய் வேண்டுமென்றே என் முன்னால் எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக் காட்டுவாள். முதலாளி ஆள் பிடிக்க வெளியூருக்குப் போக வேண்டியதாயிற்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில்தான் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் நடந்தது. துப்பாக்கிச் சூடு நடந்த சமயம் பொன்னையனின் தம்பியைப் போலீஸ் ரோட்டில் போட்டு அடித்தது. அவன் வலது கை பிறகு மடங்கவே இல்லை, சோற்றை இடது கையால் தின்றான். அந்த வீட்டில் யாரும் தமிழ் என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்லமாட்டார்கள். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் பிறகு நடந்ததைப் படிக்க வேண்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு தை மாதத்தில் எப்போதையும்விடப் பெரிய ஊறல் போட்டோம். இலுப்பைவிளையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கதம்பல் கொடுத்தது. கார்த்திகையில் எடுக்க வேண்டும். அதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. நவம்பர் முதல் தேதி, அதாவது ஐப்பசி நடுவில், இலுப்பைவிளை சென்னை மாநிலத்துக்குப் போகும். காயல்துறை கேரளத்தில் நின்றுவிடும்.

ஐப்பசி பிறக்கும் முன்பே குறுப்பு சார் இலுப்பைவிளைக்கு வந்தார். பெண்கள் உட்கார்ந்த பிறகும் நாற்காலியில் உட்காரவில்லை. ஊறலை உடனே எடுத்துவிடச் சொன்னார். யூனியனின் சொத்து இரண்டு மாநிலத்திலும் கிடந்தால், பங்கு பிரித்து முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வரும், அது எப்போது முடியும் என்று தனக்கே தெரியாது என்றார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

பொன்னையன் எழுந்தார். "எதுக்கு சாரே கள்ளன்மாரு போல முந்திக்கிட்டு வாரணும்? நமக்க நாடு பெறக்கப் போவுது. நமக்க சர்க்காரு வந்தபெறவு தலைய நிமுத்திட்டு போயி எடுப்போம். நம்ம மொதலை நமக்கு தராம எவன் தடுப்பான்?"

ஆண்கள் கை தட்டினார்கள். நான் செல்லபாயைப் பார்த்தேன்.

"பாகம் ஆவேல சாரே" என்றாள் அவள். "இப்பம் எடுத்தா தும்பு செவந்து கம்பி போல நிக்கும். இன்னும் ஒரு மாசம் கெடக்கணும். வருசம் முழுக்க காத்து கெடந்துட்டு, ஒரு மாசத்துக்கு அவசரப்பட்டா எல்லாம் பாழாப் போவாதா?" அவள் தொழில் தெரிந்தவள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

காத்திருப்பது என்று எல்லோரும் கை தூக்கினார்கள். குறுப்பு சாரின் உதடுகள் அசைந்தன. கிட்டே போய் நின்றேன். திட்டவில்லை. "சர்க்கார் மாறியா வெள்ளம் மாறில்லா சிவதாணு. கடலாசு மாறும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறினால் தண்ணீர் மாறாது, காகிதம் மாறிவிடும் என்றார். குடையைக் கொட்டகையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

நவம்பர் முதல் தேதி இலுப்பைவிளை பூத்துக் குலுங்கியது. குலை வாழை கட்டி, கொடி ஏற்றி, பாயசம் வைத்தார்கள். பொன்னையனின் தம்பி இடது கையால் எல்லோருக்கும் சீனி கொடுத்தான். அவனிடம் வாங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன்.

கார்த்திகையில் வள்ளங்களைக் கட்டிக்கொண்டு போனோம். காயல்துறைப் பெண்களும் கரையில் தயாராக நின்றார்கள். ஊறலுக்குக் காவல் இருந்த கேசவன் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். குறுப்பு சார் சொன்ன உத்தரவு வந்துவிட்டிருந்தது. கேசவன் நல்லவன், இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் தம்பி மாதிரி.

"கேசவா, வெள்ளத்துல கெடக்கது எனக்க கதம்பலு இல்லியா?" என்று செல்லபாய் கேட்டாள்.

"ஆணு அக்கா" என்று தலையை ஆட்டினான்.

"அப்பம் நான் எடுக்கட்டா?"

அவன் போலீஸ்காரரைப் பார்த்தான். அவருக்கும் இரக்கம்தான். அவரவர் சொந்தப் பொருளை எடுக்கத் தடை இல்லை, யூனியன் பொருளைத்தான் தொடக்கூடாது என்றார். கேசவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அக்கா, ஏது நிங்ஙள்டெ, ஏது எங்ஙள்டென்னு மாத்திரம் காட்டு. நான் தானே முங்கி எடுத்துத் தராம்" என்றான். எது உங்களுடையது, எது எங்களுடையது என்று காட்டினால் போதும், அவனே மூழ்கி எடுத்துத் தருவானாம்.

செல்லபாய் தண்ணீரைப் பார்த்தாள். கரையில் நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள். ஒரே வட்டமாக, சேறு மூடி, இரண்டு ஊர்க் கதம்பலும் கீழே கிடந்தது. பழைய வழக்கப்படி முடிச்சுப் போட்டிருந்தால் அன்று மாலைக்குள் அவரவர் வலையை இழுத்துக்கொண்டு வீடு போயிருப்பார்கள். ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லித்தான் அந்த வழியை நாங்கள் அடைத்தோம். இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை.

வெறும் வள்ளங்களோடு திரும்பினோம்.

லீவு போட்டுத் திருவனந்தபுரம் போனேன். குறுப்பு சார் இப்போது வேறு மாநிலத்து அதிகாரி. அவரால் எனக்கோ என்னால் அவருக்கோ ஒன்றும் ஆகவேண்டியதில்லை. என்றாலும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எழுதக்கூடிய இடத்துக்கெல்லாம் எழுதிவிட்டாராம். திரும்பும்போது ரோடுவரை கூடவே வந்தார். அவர் யாருக்கும் அப்படி வந்தவர் அல்ல. "கலந்து போடான் பறஞ்சது நானாணு" என்று, கலந்து போடச் சொன்ன பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். இல்லை சார், நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். பஸ் ஏறிவிட்டேன்.

நாகர்கோவிலில் எனக்கு வாய்த்த புதிய அதிகாரி சென்னை மாநிலத்தின் வடகோடியிலிருந்து வந்தவர். "கதம்பல்னா என்னங்க?" என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு, சென்னைக்கு எழுதினார். சென்னை திருவனந்தபுரத்துக்கு எழுதியது. யூனியனின் காகிதமெல்லாம் மலையாளத்தில் இருந்ததால் இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். மொழிபெயர்த்து அனுப்பினால், மூலம் எங்கே என்றார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மாதங்கள் போயின. ஒருவரும் கெட்டவர் இல்லை, ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை. மண்ணை வாரித் தூற்றலாம் என்றால் அதற்கும் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

தைக்குப் பிறகு செல்லபாய் அடிக்கடி கால்வாய்க்கரை வழியாகக் காயல்துறைக்கு நடந்துபோய்விட்டு வருவாள். முதலில் என்னிடம் வந்து, "இன்னும் கேடில்ல சாரே, மணத்துல தெரியுது" என்பாள். மாசியில் "மணம் மாறிட்டு" என்றாள். பங்குனிக்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

உத்தரவு ஆனியில் வந்தது. இரண்டு மாநிலத்துக்கும் நியாயமாகப் பங்கு பிரித்துத் தந்திருந்தார்கள். அதற்குள் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டி, காயல் கலங்கிச் சிவந்துகிடந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்தே இறங்கினார்கள். வலை கையோடு பிய்ந்து வந்தது. கதம்பலை வாரினால் விரல்களுக்கிடையே கறுப்புக் கூழாக ஒழுகியது. செல்லபாய் முழுசாக இருந்த ஒன்றைத் தேடியெடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, கல்லில் வைத்து அடித்தாள். தும்பு வரவில்லை. இன்னொன்றை எடுத்து அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் கறுப்பாகத் தெறித்தது. காயல்துறைப் பெண் ஒருத்தி பின்னால் வந்து அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொன்னையன் முட்டளவு தண்ணீரில் நின்றவர் நின்றபடியே நின்றார். அப்புறம் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

அடுத்த மாதமே பெண்கள் முதலாளியின் களத்துக்குப் போய்விட்டார்கள். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எல்லோரையும் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச காலம் கழித்துப் புதிய சர்க்கார் புதிய திட்டம் கொண்டுவந்தது. இலுப்பைவிளையில் மறுபடி சங்கம் வைக்க வேண்டும் என்று என்னையே அனுப்பினார்கள். ஊறலிடம் இந்தமுறை எல்லைக்கு இந்தப் பக்கமே பார்த்திருந்தோம். தண்ணீர் கொஞ்சம் மட்டம்தான், என்றாலும் உப்பு உண்டு. முதலாளியின் களத்துக்கே போனேன். செல்லபாய் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தூரத்தில் நின்ற மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, குனிந்தபடியே அடித்துக்கொண்டு கேட்டாள்.

"சொகந்தானா சாரே?"

நான் விஷயத்தைச் சொன்னேன். புதிய சங்கம், புதிய ஊறலிடம், கடன் வசதி, எல்லாம் தமிழிலேயே எழுதப்பட்ட சட்டம். பக்கத்துப் பெண்களும் அடியை நிறுத்தாமல் கேட்டார்கள்.

"இந்தக் கதம்பலு எந்த நாட்டுல கெடக்கும் சாரே?"

"நம்ம நாட்டிலேதான் செல்லபாய். இனி அந்தப் பயமே வேண்டாம்."

அவள் கட்டையை ஒரு கணம் நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அண்ணைக்கும் நமக்க நாட்டுலதான சாரே போட்டோம்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தான். அவள் மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.